மார்ட்டினுக்கு ஒரு சறுக்குப் பலகை

ஐந்தாம் நாளும் மார்ட்டின் பலகை வாங்கவில்லை.

"இண்டைக்கும் இல்லையோ?" என்று கிறகோரி வாசலிலேயே கேட்டான். ஜெயரூபினி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பஸ்ஸில் நின்றபடி வந்த களைப்பு அவள் முகத்தில் தெரிந்தது.

"இல்லை. யோசிச்சுச் சொல்லுறாராம்."

"அஞ்சு நாளா ஒரு பலகையை யோசிக்கிற மனிசன் எப்பிடிக் கலியாணம் கட்டினவன்?"

"அவர் இன்னும் கட்டேல்லை."



கிறகோரிக்கு முல்லைத்தீவில், கள்ளப்பாடு என்ற ஊரின் கரையில் பட்டறை. அடிபட்டு வெடித்த பைபர் படகுகளை ஒட்டித் திருத்துவது தொழில். அவன் மனைவி ஜெயரூபினிக்குப் புதுக்குடியிருப்பில், இரும்புக்கடை ஒன்றின் மேல்மாடியில் வேலை. அங்கே பன்னிரண்டு பெண்கள் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்து, கனடாவில் விளையாட்டுச் சாமான் விற்கிற கடையொன்றுக்கு வரும் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொன்னார்கள். ஜெயரூபினிக்குக் கிடைத்த பகுதி ஸ்கீபோட். பனிமலையில் சறுக்குவதற்கு இரண்டு காலிலும் பூட்டிக்கொள்கிற கட்டைப் பலகைச் சோடி அது. நிமிர்த்தி வைத்தால் ஓர் ஆளின் இடுப்பளவு வரும். அவள் தன் வாழ்நாளில் கண்ட பனியெல்லாம் மீன்பெட்டிக்குள் கொட்டுகிற ஐஸ்தான். ஆனாலும் படித்துப் படித்துப் பதில் சொல்லப் பழகியிருந்தாள்.

மார்ட்டின் வந்தது மார்கழி மாதத்தின் முதல் திங்கட்கிழமை.

கலியாணம் கட்டி அதுவரையான ஒன்பது வருசமும் கிறகோரியின் பின்னேரங்கள் ஒரே மாதிரித்தான் போயின. பட்டறையைப் பூட்டினால் நேரே கூட்டாளி ஸ்ரனிஸ்லஸின் மீன்வாடிக் கொட்டிலுக்குப் போவான். அங்கே நாலு பேராக இருந்து காட்ஸ் விளையாடுவார்கள். வீட்டுக்கு வர எட்டு மணியாகும். சாப்பிடுவான், போனைப் பார்ப்பான், படுப்பான். இதில் ஒரு குறை இருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை. இருக்கிறது என்று ஜெயரூபினி இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். அப்போதும் அவன் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தத் திங்கட்கிழமை மழை. குடை எடுக்க வீட்டுக்கு வந்தவனிடம் ஜெயரூபினி ஒரு சந்தேகம் கேட்டாள். கனடாவில் மார்ட்டின் என்றொருவர் பலகை தேடுகிறாராம். விறைப்பாக இருக்கவேண்டும், உடையக்கூடாது, இரண்டு நுனியும் மேலே நிமிர்ந்து வளைந்திருக்க வேண்டும், மலையில் எல்லா இடமும் ஓடவேண்டும், பார்க்கிலும் ஓடவேண்டுமாம். விறைப்பான பலகைக்கும் உடையாத பலகைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறாராம்.

"தெரியாது எண்டு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னனான். ஆறுதலாக் கேட்டுச் சொல்லுங்கோ, நான் காத்திருப்பன் எண்டவர்."

'காத்திருப்பன்' என்ற சொல் கிறகோரியின் தொண்டையில் மீன்முள்போல நின்றது. குடையைக் கையில் பிடித்தபடியே கதிரையில் இருந்தான். இந்த வேலையில் எழுதுகிற ஆட்களெல்லாம் எந்நேரம் எழுதுகிறார்கள் என்று மெதுவாக விசாரித்தான். இங்கே காலை எட்டு மணி என்றால் அங்கே முதல் நாள் இரவு என்று அவள் விளங்கப்படுத்தினாள். இரவில் இன்னொருவன் பெண்சாதிக்கு எழுதுகிறவனைப் பற்றி அவனுக்கு நல்ல எண்ணம் வரவில்லை.

"சரி, பார்க்கில அவருக்கு என்ன வேலை?"

அவன் கண்ட பார்க், வவுனியாவில் சோடி சோடியாக ஆட்கள் குடைக்குள் இருந்த பார்க் ஒன்றுதான்.

"அங்க பனியில மேடு கட்டி, இரும்புக் குழாய் நட்டு வைச்சிருப்பினமாம். அதுக்கு மேலால பாயுறது."

"தனியாவோ?"

"அதை நான் கேக்கேல்லை."

இந்த ஆளை ஒரே நாளில் அனுப்பிவிட வேண்டும் என்று கிறகோரி முடிவெடுத்தான். சரியான பதிலைச் சொன்னால் வாங்கிக்கொண்டு போய்விடுவான் அல்லவா? விறைப்பு வேறு, உரம் வேறு என்று தொடங்கினான். பிஸ்கற்றும் விறைப்புத்தான், ஆனால் அதை ஒரு பிள்ளை உடைக்கும். நடுவில் நல்ல மரம் இருக்கவேண்டும். அதன்மேல் பைபர் நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடவேண்டும். ஓரத்தைச் சுற்றி இரும்பு கட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் வேகத்தில் பலகை நடுங்காது, கல்லில் அடிபட்டாலும் பிளக்காது. ஜெயரூபினி கொப்பியில் எழுதிக்கொண்டாள். நடுவில் தேத்தண்ணி வந்தது. சொல்லி முடிக்க ஏழரை ஆயிற்று. அன்றைக்குக் காட்ஸ் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவள் பளிச்சென்ற முகத்தோடு வந்தாள். தன் வாழ்க்கையில் யாரும் இவ்வளவு தெளிவாக விளங்கப்படுத்தவில்லை என்று மார்ட்டின் சொன்னாராம். நல்ல மூளை உங்களுக்கு என்றும் சொன்னாராம்.

"அது என்ர மூளை," என்றான் கிறகோரி.

"அது அவருக்குத் தெரியாதே."

கூடவே புதுக் கேள்வியும் வந்திருந்தது. நுனி ஏன் வளைய வேண்டும்? கிறகோரி படகின் அணியத்தை உதாரணம் காட்டினான். முன்பக்கம் தட்டையான படகு அலையைக் குடிக்கும். நிமிர்ந்த அணியம் அலைமேல் ஏறும். இளகின பனியிலும் அப்படித்தான் இருக்கும். புதன்கிழமை வந்த கேள்வி, எவ்வளவு வளைவு என்பது. கூட வளைந்தால் இறுகின பனியில் நடுப்பகுதி மட்டும் முட்டிப் பலகை ஆடாதா என்று மார்ட்டின் கேட்டாராம். அது நல்ல கேள்வி. அதுதான் கிறகோரியை மிகவும் நோகச் செய்தது. ஆள் முட்டாளாக இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை அவன் வேண்டுமென்றே பிழையாகச் சொன்னான். வளைவும் வேண்டாம், விறைப்பும் வேண்டாம், பலகையெல்லாம் பலகைதான், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கட்டும் என்றான். மார்ட்டினுக்குக் கோபம் வரும், வேறு கடைக்குப் போவார் என்பது கணக்கு.

மார்ட்டினுக்குக் கோபம் வரவில்லை. வெள்ளிக்கிழமை, தனக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை என்ற செய்தியோடு, அந்தப் பதிலைப் படித்து நெடுநேரம் சிரித்ததாகவும் சொல்லியனுப்பியிருந்தார். உங்களோடு கதைத்தால் நேரம் போவதே தெரியவில்லை என்றாராம். ஜெயரூபினிக்குப் பகிடி வரும் என்பது ஒன்பது வருசத்தில் கிறகோரிக்குத் தெரியாத விசயம். எங்கோ பனிக்குள் இருக்கிறவன் ஐந்து நாளில் அதைக் கண்டுபிடித்துவிட்டான்.

அடுத்த கிழமையிலிருந்து கிறகோரி தினமும் சவரம் செய்தான். முன்பெல்லாம் ஞாயிறு பூசைக்கு மட்டும்தான். ஐந்து மணி பஸ்ஸுக்கு முன்பே போய்த் தரிப்பிடத்தில் நின்றான். வழியெல்லாம் மார்ட்டினைப் பற்றிக் கேட்டான். மார்ட்டின் இல்லாத நேரத்தில் வேறு கதையும் வந்தது: அவளோடு வேலை செய்கிற பெண்கள், மேல்மாடிப் படியில் முட்டையிடுகிற கோழி, அவனுடைய பட்டறைக்கு வந்து சண்டை பிடிக்கிற படகுச் சொந்தக்காரச் சம்மாட்டிமார். இப்படிக் கதைத்துக்கொண்டிருந்தால் உண்மை எங்காவது வாய்தவறி வரும் என்று அவன் காத்திருந்தான்.

நத்தார்ப் பண்டிகை வந்தது. மார்ட்டின் வாழ்த்து அனுப்பியிருப்பதாக ஜெயரூபினி சொன்னாள். கிறகோரி அன்றைக்கே முல்லைத்தீவுக் கடையில் ஒரு நீலச் சேலை எடுத்து வந்து கொடுத்தான். கலியாணத்துக்குப் பிறகு அவன் தானாக எடுத்துக்கொடுத்த முதல் சேலை அது. அவள் அதை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. மார்ட்டினின் வாழ்த்தோடு சேலையை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், சேலை தோற்றுவிட்டது என்று அவன் எடுத்துக்கொண்டான். 

தை பிறந்ததும் ஸ்ரனிஸ்லஸ் பட்டறைக்குத் தேடிவந்தான். மூன்று பேரை வைத்துக்கொண்டு என்ன விளையாடுவது என்று கோபமாகத் தொடங்கியவன், விசயத்தைக் கேட்டதும் பக்கத்தில் கிடந்த படகுமேல் இருந்துவிட்டான்.

"மச்சான், வாயால சொன்னா ஆருக்கு விளங்கும்? ஒண்டைச் செய்து கண்ணில காட்டு. கண்டா வாங்கிக்கொண்டு போயிடுவான்."

கிறகோரிக்கு அது சரியாகப் பட்டது. நாயாற்றில் தொழில் செய்கிற அற்புதம் அண்ணையின் படகு திருத்துவதற்காகக் கவிழ்த்தபடி கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு அவன் மார்ட்டினுக்குப் பலகை செய்யத் தொடங்கினான். முதல் சோடி விறைப்பாக வந்தது. சுத்தியலால் தட்டியதும் வெடித்தது. இரண்டாவது சோடி வெடிக்கவில்லை. ஆனால் வாழைத்தண்டுபோல வளைந்தது. மழை ஈரத்தில் பசை காய மறுத்தது. அற்புதம் அண்ணை இரண்டு முறை வந்து, கடல் அடங்கினால் தான் எதில் போவது என்று கேட்டுவிட்டுப் போனார். கிறகோரியின் காதில் அது விழவில்லை. எதிரிக்காக இவ்வளவு கவனமாக ஒரு வேலையை அவன் முன்பு செய்ததில்லை.

மூன்றாவது சோடி அழகாக வந்தது. ஓரமெல்லாம் தகடு, இரண்டு பக்கமும் அளவான நிமிர்வு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடற்கரை மணல்மேட்டில் ஏறி, பழைய சப்பாத்தை அதில் இறுகக் கட்டி, நனைந்த மணலில் தானே சறுக்கிப் பார்த்தான். நாலடி தூரம் பலகை போயிற்று. பிறகு பலகை நின்றது, கிறகோரி போனான். ஜெயரூபினி ஓடிவந்து தூக்கினாள். தூக்கும்போதே சிரிப்பு வந்து அவளும் மணலில் விழுந்தாள். வீட்டில் முழங்காலுக்கு மருந்து போடும்போதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்க அவனுக்கும் சிரிப்பு வந்தது. இதையும் அவள் நாளைக்கு மார்ட்டினுக்கு எழுதுவாள் என்ற நினைப்பு வந்ததும் நின்றுவிட்டது.

பலகையை அவள் போனில் படம் எடுத்துக்கொண்டாள். இனி எல்லாம் முடிந்தது என்று கிறகோரி பெருமூச்சு விட்டான். நாளையிலிருந்து ஸ்ரனிஸ்லஸின் வாடிக்குப் போகலாம், பாவம் அவர்கள் மூன்று பேராக இருக்கிறார்கள் என்று சொல்லிவைத்தான். ஜெயரூபினி மருந்துப் போத்தலை மூடி அலுமாரிக்குள் வைத்தாள். சற்று நேரம் அலுமாரியைப் பார்த்தபடியே நின்றாள்.

"சொல்ல மறந்துபோனன்," என்றாள். "மார்ட்டின் சித்திரைக்கு இலங்கைக்கு வாறாராம்."

கிறகோரி அடுத்தநாள் பட்டறையைத் திறக்கவில்லை. பலகை இரண்டையும் உரப்பையில் சுற்றி மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி, நொண்டி நொண்டி ஏறி, புதுக்குடியிருப்புக்கு விட்டான். அந்த மனிதனிடம் நேரே சொல்லிவிட வேண்டும். ஆங்கிலம் தெரியாதுதான். அங்கே யாரையாவது பிடித்து எழுதுவிக்கலாம்.

இரும்புக்கடைக்கு மேலே, கோழியைத் தாண்டி, படியேறிப் போனான். ஜெயரூபினியின் கதிரை வெறுமையாக இருந்தது. முகாமையாளரின் அறைக்குள் கூட்டமாம், அரை மணித்தியாலம் ஆகுமாம். பக்கத்துக் கதிரையில் இருந்த ரஜிதா என்ற பிள்ளைதான் அதைச் சொன்னாள். கிறகோரி யார் என்று அறிந்ததும் எழும்பி நின்று, இருக்கச் சொன்னாள். அவன் இருக்கவில்லை. பலகைகளை அவிழ்த்து மேசைமேல் வைத்தான். அங்கங்கே இருந்த பெண்கள் தலையைத் திருப்பினார்கள்.

"தங்கச்சி, மார்ட்டின் எண்டவருக்கு நான் சொல்லுறதை இங்கிலீசில எழுதுங்கோ."

ரஜிதா தயங்கினாள். எழுதாவிட்டால் தான் இந்த இடத்தைவிட்டு அசையப்போவதில்லை என்று கிறகோரி சொன்னான். ஒரு மாதத்துக்கு மேலாக நெஞ்சுக்குள் கிடந்தது அப்போது ஒழுங்காக, வரி வரியாக வந்தது.

"ஐயா, நீங்கள் கேட்ட மாதிரியே ஒரு சோடி செய்திருக்கிறன். விறைப்பு இருக்கு, உடையாது, ரெண்டு நுனியும் நிமிர்ந்திருக்கு. மலைக்கும் ஆகும், பார்க்குக்கும் ஆகும். சும்மாவே அனுப்பிவிடுறன். இலங்கைக்கு வர வேண்டாம். என்ர மனிசியின்ர மூளையும் பகிடியும் எனக்கும் இப்ப தெரியும். ஒன்பது வருசம் பிந்தித்தான் தெரிஞ்சது, அது என்ர பிழை. இனிமேல் அவாவோட நானே கதைக்கிறன். எழுதிட்டீங்களோ?"

ரஜிதா ஒரு சொல்லும் எழுதவில்லை. பலகைகளைப் பார்த்தாள். அவனுடைய வழித்த முகத்தையும் காற்சட்டைக்கு வெளியே தெரிந்த, முழங்காலில் கட்டியிருந்த மருந்துத் துணியையும் பார்த்தாள். முகாமையாளரின் அறைக் கதவு மூடியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணை, மார்ட்டின் எண்டவர் வந்த அண்டைக்கே பத்து நிமிசத்தில பலகையை வாங்கிக்கொண்டு போயிட்டார், அவர் போனது தெரிஞ்சா நீங்கள் திரும்பவும் எட்டு மணிக்குத்தான் வீட்டை வருவீங்கள், ஒருத்தரும் சொல்லிப்போடக்கூடாது எண்டு அக்கா எங்கள் பதினொரு பேரிட்டையும் சத்தியம் வாங்கி வைச்சிருக்கிறா."