இம்யா என்றால் ராமையா

மெர்போக்,
3-7-1943
(இப்போது ஜப்பான் கணக்குப்படி 2603 என்றுதான் எழுத வேண்டுமாம்)

மெர்கோங்கில் கடை நடத்தும் மரியாதைக்குரிய மைத்துனர் தர்மலிங்கம் அவர்களுக்கு, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ராமையா வணக்கத்துடன் எழுதுவது.

மரவள்ளிக்கிழங்கின் கருணையால் நானும் உங்கள் தங்கை மருதம்மாளும் நலம். சயாம் ரயில் பாதை போட என்னைப் பிடித்துப் போய்விட்டார்கள் என்று உங்களுக்குச் செய்தி வந்தால், அது பொய்.

நேற்றுக் காலை ஜப்பான் அதிகாரி லாரியோடு வந்து, சயாமுக்கு இருபது ஆள் வேண்டும் என்று எங்களை வரிசையில் நிறுத்தினான். பெயர் எழுதும் வேலையை, ஆலை இயந்திரம் பழுது பார்க்க அவர்கள் கூட்டி வந்திருந்த ரஷ்யக்காரர் பியோதரிடம் கொடுத்தான். அவருக்குத் தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. முதலில் நின்ற இருளப்பனிடம் “இம்யா?” என்றார். இருளப்பனுக்குக் காது மந்தம். “ராமையாவா? அந்தா கடைசில நிக்கிறாரு லா, ராமையா!” என்று என்னைக் காட்டினான். ரஷ்யக்காரர் ‘ராமையா’ என்று எழுதிக்கொண்டார். அடுத்தவன் நடராஜா. “இம்யா?” “அதான் சொன்னாரே தொரை, ராமையா அங்க!” மறுபடியும் எழுதினார். பத்தொன்பது பேரும் என்னையே காட்டியதில், நான் என்ன குற்றம் செய்தேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என்னிடம் வந்ததும் “நாந்தாங்க” என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு பட்டியலை வாசித்தார். “ராமையா!” ஓர் அடி முன்னால் வைத்தேன். “ராமையா!” இன்னோர் அடி. பத்தொன்பதாவது ராமையாவுக்கு நான் லாரிக்குள் இருந்தேன். கடைசியில் “நாந்தாங்க!” என்றார். யாரும் வரவில்லை. ஒருவன் ஓடிவிட்டான் என்று அதிகாரி வாளில் கை வைத்தான். பயந்துபோன ரஷ்யக்காரர் தன் நெஞ்சைத் தொட்டு “இம்யா, பியோதர்” என்று சொல்லி, என்னைச் சுட்டி “இம்யா?” என்றார். அப்போதுதான் மண்டையில் உறைத்தது மச்சான், இம்யா என்றால் பெயர்! ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் சரி செய்திருப்பேன். ஆனால் இருளப்பன் ஆறு பிள்ளைக்காரன், நடராஜாவுக்குக் கல்யாணமாகி இருபதே நாள். “செமுவா இம்யா ராமையா, துவான்!” என்று கத்திவிட்டேன். எல்லாருக்குமே பெயர் ராமையாதான் ஐயா என்று மலாயும் ரஷ்யமும் கலந்த பொய். அதிகாரி ஒவ்வொருவனாகக் கேட்டான். அத்தனை பேரும் “ராமையா, துவான்” என்றார்கள். இந்தப் பட்டியலைக் கொண்டுபோனால் மேலதிகாரி தன்னையே அறைவான் என்று நினைத்தானோ என்னவோ, கிழித்தெறிந்துவிட்டு, தமிழ் தெரிந்தவனோடு வருவதாகச் சொல்லி என்னையும் இறக்கிவிட்டு வெறும் லாரியோடு போனான். பொழுது சாய்வதற்குள் பத்தொன்பது ராமையாக்களும் ஜெராய் மலையடிவாரக் காட்டில் ஒளிந்துகொள்ளப் போய்விட்டார்கள். மருதம்மாள் மட்டும், “ஊருக்கெல்லாம் பேரக் குடுத்துட்டீங்களே, இதுல எந்த ராமையா என் புருஷன்?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆகையால் கவலை வேண்டாம். இனி என் பக்கம் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். உங்கள் வீட்டில் அனைவரும் நோய்நொடியின்றி இருக்க முருகன் காக்க.

இப்படிக்கு,
அசல் ராமையா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அதிகாரி வந்துவிட்டான். ரஷ்யம் பேசுகிறவன் என்று என்னைப் பியோதருக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போட்டிருக்கிறான். நாளையிலிருந்து அலோர் ஸ்டாரில் வேலை. ‘தெரியாது’ என்பதற்கு ரஷ்யத்தில் என்னவென்று யாரிடமாவது விசாரித்து உடனே எழுதவும்.