இடது பக்கம் மலைநாடு, வலது பக்கம் கொழும்பு

என் மனைவி அழகம்மா ஒரு விஷயத்துக்கு மறுபேச்சில்லாமல் சம்மதித்துவிட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். எனக்குத் தெரிந்து அவள் அப்படிச் சம்மதித்தது இரண்டே தடவை. முதல் தடவை கல்யாணத்துக்கு. இரண்டாவது தடவை இந்தச் சூடுமானி விவகாரத்துக்கு. நான் சந்தேகப்பட்டது வீண்போகவில்லை என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சண்டையெல்லாம் குளியலைப் பற்றித்தான். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. மகாவலி ஆற்றுப் பக்கமிருந்து பனிப்புகை ஏறி வரும் விடியற்காலையில் அந்தத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டால்தான் எனக்குக் கோப்பி. இது அழகம்மா போட்ட சட்டம். நான் கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என்னைக் கண்டால் வகுப்பே நடுங்கும். வாளியைக் கண்டால் நான் நடுங்குவேன்.

"கொஞ்சம் சுடுதண்ணி வச்சுக் குடேன், அழகு."

"வெறகு விக்கிற வெலையில சுடுதண்ணியா? எல்லாரும் பச்சத்தண்ணியிலதான் குளிக்கிறாங்க."

"குளிருதே!"

"அது உங்க நெனப்பு."

நினைப்பாம்! பல் தந்தியடிக்கிறது, நினைப்பாம்!

அந்தச் சமயத்தில்தான் வானொலியில் வெப்பநிலையைப் பாரன்ஹீட்டில் சொல்வதை விட்டுவிட்டு சென்டிகிரேட்டில் சொல்லத் தொடங்கினார்கள். கேட்டுக்கொண்டிருந்த அழகம்மா திடுக்கிட்டாள்.

"என்னங்க இது? நேத்து எண்பத்திரண்டுன்னான். இன்னிக்கு இருபத்தெட்டுங்கிறான். கூப்பன் கடையில அரிசிய வெட்டுனாங்க, சீனிய வெட்டுனாங்க. இப்ப வெயிலயும் வெட்டிட்டாங்களா?"

எனக்குப் பொறி தட்டியது. எண்ணை மாற்றினால் இவள் நம்புகிறாள்!

மறுநாளே பாலத்தடியில் ஜமால்தீன் நானாவின் பழைய சாமான் கடைக்குப் போனேன். வெள்ளைக்காரத் துரைமார் தோட்டத்தை விட்டுப் போனபோது விட்டுவிட்டுப் போனதெல்லாம் அங்கேதான் கிடக்கும். மரச்சட்டத்துக்குள் ஒரு கண்ணாடிக் குழாய் என் கண்ணில் பட்டது.

"நானா, இது என்ன?"

"தொர குளிக்கிற தொட்டியில போட்டுச் சூடு பாக்கிற சாமான், மாஸ்டர். ரெண்டு பக்கமும் நம்பர் ஈக்கி. ஒண்டு சொல்றத மத்தது சொல்லுதில்ல. பழுது போல."

பழுதுமில்லை, ஒன்றுமில்லை. வலது பக்கம் சென்டிகிரேட். இடது பக்கம் ரோமர் என்று ஒரு பழங்காலக் கணக்கு. சென்டிகிரேட்டில் நூறில் கொதிக்கும் தண்ணீர் ரோமரில் எண்பதிலேயே கொதித்துவிடும். அதாவது, ஒரே சூட்டுக்கு ரோமர் எப்போதும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துத்தான் சொல்லும். எனக்கென்றே எவனோ கண்டுபிடித்துவிட்டுப் போயிருக்கிறான்!

அன்று மாலையே ஒப்பந்தம் பேசினேன்.

"இத வெளியில மாட்டுவோம். காலையில பதினெட்டுக்குக் கீழ இருந்தா நீ சுடுதண்ணி வைக்கணும். மேல இருந்தா நான் வாயத் தொறக்காம கிணத்தடிக்குப் போறேன். நீயுமில்ல நானுமில்ல, கருவி சொல்லட்டும்."

"ரெண்டு பக்கமும் நம்பர் இருக்கே? எத பாக்கிறது?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"எடது பக்கம் மலைநாட்டுக்கு. வலது பக்கம் கொழும்புக்கு."

அழகம்மா சூடுமானியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி சூடுமானியைப் பார்த்தாள்.

"சரிங்க," என்றாள்.

எனக்குச் சந்தேகம் தட்டியது அப்போதுதான். ஒரு கேள்வி? ஒரு முணுமுணுப்பு? ஒன்றுமில்லை! அன்றிரவு சோற்றைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் சாப்பிட்டேன்.

காலையில் வலது பக்கம் இருபது. இடது பக்கம் பதினாறு. "பதினாறு!" என்று முழங்கினேன். பேசாமல் போய் அடுப்பை மூட்டினாள். வெந்நீர் வந்தது. வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். தண்ணீர்தான். அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. வெந்நீரை ஊற்ற ஊற்ற எனக்குச் சந்தேகம்தான் கூடியது. இவள் எதற்குச் சும்மா இருக்கிறாள்?

சித்திரை பிறந்தது. விடியற்காலையிலேயே புழுங்கியது. இடது பக்கம் பதினேழரை.

"உங்க நெத்தியில என்னங்க அது?"

"பனி."

"சரிங்க."

மறுபடியும் அந்தச் சரிங்க! நான் அலுமாரியைத் திறந்து என் பொருள்களெல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்தேன். எல்லாம் இருந்தன. அதுவும் சந்தேகமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினிக்குள் நுழைந்தேன். சோற்று உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் சூடுமானி, வலது பக்கம் நூறை ஒட்டி, இடது பக்கம் எண்பதை ஒட்டி!

"உலையில எதுக்கு இது?"

"தூசியா இருந்துச்சு. கழுவுனேன்."

"தூசியைக் கழுவ உலையா?"

"நல்லாப் போகும்ல?" என்று சொல்லிவிட்டு அரிசியைக் களையப் போய்விட்டாள். நானும் பேசாமல் வந்துவிட்டேன். அதுதான் நான் செய்த மடத்தனம்.

மறுநாள் வாளியில் வந்தது வெந்நீரும் இல்லை, பச்சைத் தண்ணீரும் இல்லை. ஆறிப்போன பிளேன்டீ மாதிரி இருந்தது.

"என்னடி இது? இதுவா சுடுதண்ணி?"

"சுடுதண்ணின்னுதான் பேசுனோம். எவ்வளவு சூடுன்னு நீங்க சொல்லலயே. நம்பரச் சொல்லுங்க, அப்படியே வச்சுத் தர்றேன்."

குளியலுக்கு நாற்பது டிகிரி உத்தமம் என்று பேப்பரில் படித்திருந்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"நாற்பது!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"கணக்கு வாத்தியார்கிட்டயா யோசிக்கச் சொல்ற? நாற்பதுன்னா நாற்பது!"

அடுத்த நாள் காலை இடுப்பில் துண்டோடு நின்றேன். அழகம்மா வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். ஆவி பறந்தது. சூடுமானியை உள்ளே விட்டாள். குனிந்து, விரலை வைத்து, இடது பக்கத்தைப் படித்தாள்.

"முப்பத்தெட்டு... முப்பத்தொம்பது... நாப்பது. பாத்துக்குங்க."

அப்போதுதான் என் மண்டைக்குள் மணி அடித்தது. பேப்பர்க்காரன் சொன்ன நாற்பது சென்டிகிரேட். இது ரோமர் நாற்பது. நாலில் ஒரு பங்கைக் கூட்டினால்... ஐம்பது! நான் குளிக்க நின்றது ஐம்பது டிகிரித் தண்ணீரில்!

"கொஞ்சம் பச்சத்தண்ணி கலந்துக்கலாமே, அழகு."

"கலந்தா நாப்பது போயிருமே. ஊத்துங்க."

ஒரு சிரட்டை அள்ளிக் காலில் ஊற்றினேன். கூரை இடிக்கும்படி குதித்தேன்.

"சுடுதா?"

"இல்ல, இல்ல."

"பின்ன ஏன் குதிக்கிறீங்க?"

"தேகப்பயிற்சி."

அழகம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை.

"மலைநாட்டு நாப்பது உங்களுக்குத் தாங்கல போல. வேணும்னா கொழும்பு நாப்பதுக்கு எறக்கித் தர்றேன். ஆனா ஒண்ணு. தண்ணிக்குக் கொழும்பு நம்பர்னா குளிருக்கும் கொழும்பு நம்பர்தான். வெளிய மாட்டியிருந்தப்ப அதையும் பாத்தேன். இருபத்திரண்டு. பதினெட்டுக்கு மேலதானேங்க?"

மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒப்புக்கொண்டால் பித்தலாட்டம் வெளியே வரும். ஒப்புக்கொள்ளாவிட்டால் தோல் வெளியே வரும். மானம் பெரிதா, தோல் பெரிதா? இரண்டையும் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. காலி வாளியைத் தூக்கிக்கொண்டு கதவைத் தாண்டினேன்.

"எங்க போறீங்க?"

"பச்சத்தண்ணியில குளிக்கிறதுதான் ஒடம்புக்கு நல்லது. பேப்பர்லயே போட்டிருக்கான்."

"அப்படியா? அப்ப மொதல்ல ரெண்டு வாளி எறச்சுக் கொண்டாந்து இங்க வச்சிட்டுப் போங்க. இதுல கலக்கணும்."

"யாருக்கு?"

"எரிச்ச வெறக வீணாக்க முடியுமா? நான் குளிக்கிறேன்."

இப்போது எங்கள் வீட்டில் தினமும் வெந்நீர்க் குளியல்தான். தண்ணீர் இறைக்கிறவன் நான்.