எட்டில் ஆறு போனால்

தொழில் தெரியாதவனால் ஊருக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. தெரிந்துவிட்டதாக நினைக்கிறான் பாருங்கள், அவனைக் கண்டால்தான் ஒதுங்கிப் போக வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில், இருபத்தாறு வயதில், தி. நகரில் ஒரு மாடி ஸ்டூடியோவில் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

என் வேலைக்குப் பெயர் மாஸ்டரிங். பாடுவதைப் பதிவு செய்ய ஒருவர், குரலையும் வாத்தியங்களையும் கலக்க ஒருவர் என்று எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக என் மேஜைக்கு வரும். எட்டுப் பாட்டும் ஒரே அளவில் கேட்கும்படி சத்தத்தைச் சீராக்கி, வரிசைப்படுத்தி, கேசட்டின் இரண்டு பக்கத்துக்கும் அளவாக்கிக் கொடுக்க வேண்டும். (எங்கம்மா கே.கே. நகர் முழுக்க, "என் பையன் பாட்டுக்கு இஸ்திரி போடுறான்" என்று சொல்லிவைத்திருந்தாள். அதைவிட நல்ல விளக்கம் இன்றுவரை எனக்கும் கிடைக்கவில்லை.) பெரிய கம்பெனிகள் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காது. சொந்தக் காலில் நின்று கேசட் போடுகிறவர்கள்தான் எங்களிடம் வருவார்கள்.

அந்த வருடம்தான் ஸ்டூடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பாட்டை அலை அலையாகத் திரையில் கண்ணால் பார்க்கலாம். பார்க்கத் தொடங்கியதும் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

அப்போது வந்தார் பிலோமினா டீச்சர். சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர், ஐம்பதை நெருங்கும் வயது. பதினைந்து வருடம் முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டு, மாதா மேல் தானே எட்டுக் கீர்த்தனைகள் எழுதி மெட்டும் போட்டிருந்தார். ஒரு கம்பெனிக்காரர், "மாதா பாட்டுன்னா கிடார் இருக்கணும்மா" என்றாராம். இன்னொருவர், "கர்நாடக சங்கீதம்னா மாதா இருக்கக் கூடாதும்மா" என்றாராம். டீச்சர் இரண்டு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டு, தானே கேசட் போட இறங்கிவிட்டார். அந்தத் துணிச்சலில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் கணக்கில் பாஸ் பண்ணியிருப்பேன்.

டேப்பை என்னிடம் தரும்போது சொன்னார்: "தம்பி, வெளியீட்டு விழாவுக்கு மயிலாப்பூர்ல சங்கீதம் தெரிஞ்சவங்க எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். இந்தம்மாவுக்குத் தாளம் நிக்குமான்னு பார்க்கத்தான் பாதிப் பேர் வர்றாங்க. நான் நூறு தடவை சரிபார்த்துட்டேன். நீங்க அப்படியே கொடுத்தாப் போதும்."

கூடவே சிவப்பு மையில் எழுதிய ஒரு தாளையும் நீட்டினார். "இதைப் படிச்சிடுங்க."

"கண்டிப்பா டீச்சர்" என்றேன். அன்றைக்கு வந்த டீ கிளாஸ் கொஞ்சம் ஒழுகியது. அடியில் வைக்க ஒரு தாள் தேவைப்பட்டது.

மாஸ்டர் டேப்பை முடித்து, ஈக்காட்டுத்தாங்கலில் கேசட் காப்பி போடும் மணிக்கு அனுப்பினேன். மறுநாளே போன் வந்தது.

"இன்னா நைனா, ஏ சைடுல ஒம்போது செகண்டு ஜாஸ்தி கீது. டேப்பு முப்பது நிமிசந்தான். கடைசிப் பாட்டு தொங்கிக்கினு நிக்கும், பரவால்லியா?"

"விடுங்க மணி, வெட்டித் தந்துடுறேன்" என்றேன், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கும் டாக்டர் குரலில்.

பாட்டுகளின் முடிவில் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாக மூன்று நொடி தேறியது. மீதி ஆறு நொடிக்கு எங்கே போவது என்று திரையை உருட்டினால், மூன்றாவது பாட்டில் ஒரு புதையல்! எட்டு நொடிக்கு அலையே இல்லை. ஒரே நேர்கோடு. மிருதங்கம் இல்லை, வயலின் இல்லை, சுருதிப் பெட்டிகூட இல்லை. 'ரெக்கார்டிங்காரர் நல்லா தூங்கியிருக்கார்' என்று எனக்கு ஒரே குஷி. அடுத்தவன் தவறைத் திருத்துவதில் இருக்கிற சுகம் வேறு எதில் இருக்கிறது? இரண்டு நொடியை விட்டுவிட்டு ஆறை வெட்டி எறிந்தேன்.

டீச்சர் போனில், "ஒரு தடவை கேட்டுடட்டுமா தம்பி?" என்றார்.

"விழாவிலேயே கேளுங்க டீச்சர். ஆச்சரியமா இருக்கும்" என்றேன். (அந்த ஒரு வாக்கை மட்டும் சுத்தமாகக் காப்பாற்றினேன்.)

லஸ் பக்கம் ஒரு சின்ன ஹாலில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விழா. இடது பக்கம் சாந்தோம் பங்கு மக்கள், வலது பக்கம் மயிலாப்பூர் ரசிகர்கள். இரண்டாவது வரிசையில் எங்கள் குடும்பம். கேசட் அட்டையில் 'மாஸ்டரிங்: கணேசன்' என்று கடுகு அளவில் போட்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக என் பெயர் அச்சில் வந்திருந்ததால் அப்பா, அம்மா, தங்கை மூவரையும் அழைத்துப் போயிருந்தேன். அம்மா பட்டுப்புடவை. அப்பா எனக்கே சொல்லாமல் புதுக் கண்ணாடி.

முன்வரிசையில் சிறப்பு விருந்தினராகப் பஞ்சு மாமா. கச்சேரிக்குப் போனால் அவர் பாடுகிறவர் முகத்தைப் பார்க்க மாட்டார், தாளம் போடும் தன் தொடையைத்தான் பார்ப்பார். அவர் தலையாட்டினால் மயிலாப்பூர் தலையாட்டும்.

டீச்சர் தனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு என்று மூன்றாவது பாட்டைப் போடச் சொன்னார். ஆதி தாளம். ஒரு தட்டு, சுண்டு, மோதிரம், நடு என்று மூன்று விரல், பிறகு தட்டு, உள்ளங்கையைத் திருப்பி ஒரு வீச்சு, மறுபடி தட்டு வீச்சு, ஆக எட்டு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு ஒரு நொடி. வலது பக்கத்தில் ஐம்பது தொடைகளில் ஐம்பது கைகள் ஒன்றாக விழுந்து எழுந்துகொண்டிருந்தன. சிலுவையடியில் மாதா நிற்கிற பாட்டு. 'மூச்சு நின்றதே' என்று குரல் இறங்கி, நின்றது.

கைகள் தொடையில் தட்டின. சுண்டு விரல். மோதிர விரலில் கட்டைவிரல் பட்டதோ இல்லையோ, 'மடியில் ஏந்தினாளே' என்று கேசட் பாய்ந்து வந்துவிட்டது. தட்டில் விழ வேண்டிய பல்லவி விரலில் வந்து விழுந்தது. ஐம்பது பேரும் மோதிர விரலைப் பிடித்தபடி அப்படியே உறைந்துபோனார்கள்.

பஞ்சு மாமா தொடையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"நழுவிடுத்தோ?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"நழுவிடுத்து" என்றார் மாமா.

அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது. டீச்சர் முகத்தில் ரத்தமே இல்லை. டீக் கறை வட்டத்துக்கு நடுவே சிவப்பு மையில் இருந்த எழுத்துகள் அப்போதுதான் என் கண் முன்னால் வந்து நின்றன: 'மூன்றாவது பாட்டு. மூச்சு நின்றதே என்றதும் எட்டு எண்ணிக்கை முழு மௌனம். தொட வேண்டாம்.' பதினைந்து வருட உழைப்பை நான் ஆறு நொடியில் முடித்துவிட்டேன்.

டீச்சர் எழுந்தார். கேசட்டை நிறுத்தச் சொன்னார். மைக்கைப் பிடித்து, "மன்னிக்கணும். மெஷினுக்குக் கொஞ்சம் அவசரம். நான் பாடுறேன்" என்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

பக்கவாத்தியம் கிடையாது, சுருதிப் பெட்டி கிடையாது. 'மூச்சு நின்றதே' என்று பாடி நிறுத்தினார். கையையும் கட்டிக்கொண்டார். தாளம் போடவில்லை. ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும். தெருவில் ஒரு பஸ் ஹாரன். மோதிர விரல் தாண்டியது, நடு விரல், தட்டு, வீச்சு... என் தொடையில் என்னையறியாமல் நானும் எண்ணினேன். அந்த எட்டில் ஒரு தாய் தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எட்டாவது எண்ணிக்கையும் முடிந்து ஐம்பது உள்ளங்கைகளும் தொடையில் விழுந்த அதே கணத்தில் 'மடியில்' என்று டீச்சர் எடுத்தார். இம்மி பிசகவில்லை. இடது பக்கத்தில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்துக்கொண்டேன், என்னிடம் முந்தானைதான் இல்லை.

"பேஷ்! பேஷ்!" என்று பஞ்சு மாமா எழுந்தே விட்டார். "அந்த எட்டுதாம்மா பாட்டு! கேசட்ல அது எங்க போச்சு?"

அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய் வாசித்தார். "ரெக்கார்டிங், மிக்ஸிங்... இதென்ன மாஸ்டரிங்? யாருப்பா கணேசன்?"

நான் நாற்காலிக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எங்கப்பா எழுந்துவிட்டார். சங்கீதத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

"என் பையன்தான் சார்! எழுந்திருடா, கூப்பிடுறாங்க இல்ல!"

எழுந்தேன். ஹாலே திரும்பிப் பார்த்தது.

"நான்தான் வெட்டிட்டேன் டீச்சர்... அது சும்மா காலியா இருக்குன்னு..."

சிரிப்பு வெடித்தது. சாந்தோம் மயிலாப்பூர் என்ற பேதமே இல்லாத சிரிப்பு. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. மைக்கிலேயே கேட்டார்.

"எத்தனை செகண்ட் வெட்டினீங்க?"

"ஆறு, டீச்சர்."

"எட்டுல ஆறு போனா?"

"ரெண்டு, டீச்சர்."

"சரி. உட்காருங்க."

அதோடு சரி, அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. விழா முடிந்ததும் நான் அந்த ஒன்பது நொடிக் கதையைச் சொல்லிக் காலில் விழாத குறையாக நின்றபோது, பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். "ரெண்டாம் பாட்டு ஆறாம் பாட்டைவிடப் பன்னெண்டு செகண்ட் நீளம் தம்பி. அது ரெண்டையும் இடம் மாத்தினா ஏ சைடு அடங்கிடும். பி சைடுல ஒரு நிமிஷம் காலியாத்தானே கிடக்கு?" கம்ப்யூட்டர் வைத்திருந்த எனக்கு இது தோன்றவே இல்லை. மறுநாள் காலையிலேயே புது மாஸ்டரோடு ஈக்காட்டுத்தாங்கலுக்கு ஓடினேன். மணி, "எட்டு செகண்டு சும்மா கீறதுக்கா இவ்ளோ அலப்பறை?" என்று முந்நூறு கேசட்டையும் அழித்து மறுபடி ஏற்றிக் கொடுத்தார். டீச்சர் அடுத்து போட்ட மூன்று கேசட்டையும் என்னிடமே கொண்டுவந்தார். அவ்வளவு பெரிய மனசு எனக்கு இல்லை, என்னை நான் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

விழா நடந்த அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அப்பா ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் வழக்கம்போல நடுவில் புகுந்தேன். தங்கை வலது கையைத் தூக்கி, கட்டைவிரலால் மோதிர விரலைத் தொட்டுக் காட்டினாள். அம்மாவுக்குப் புரையேறிவிட்டது.

முப்பது வருடம் ஆகப்போகிறது. இப்போது என் மகள் காட்டுகிறாள். டீச்சரை அவள் பார்த்ததுகூட இல்லை. யாராவது யோசித்துக்கொண்டு சும்மா இருக்கும்போது நான் வாயைத் திறந்தால் போதும், அந்த மோதிர விரல் எழுந்துவிடும். நான் உடனே வாயை மூடிக்கொண்டு, தொடையில் எண்ணத் தொடங்குவேன். மோதிர விரல், நடு விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. வெட்டிய ஆறையும் முழுசாக விட்டுவிட்டுத்தான் அப்புறம் பேசுவேன். பல சமயம், எண்ணி முடிக்கும்போது சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருப்பதில்லை.