கிட்டாருக்கு எலும்பு வாங்கிய விவரம்

சுசீந்திரம்,
வெள்ளிக்கிழமை

மதிப்பும் பாசமும் மிக்க கிருஷ்ணமணி அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் தாணுமாலயன் கைகூப்பி எழுதுவது. பூதலிங்கசாமி கிருபையில் தாங்களும் அக்காவும் பூதப்பாண்டியில் சுகமாக இருப்பீர்கள். அக்காவின் முட்டுவலி குறைந்திருக்கும். இங்கே என் வீட்டுக்காரி பகவதியம்மாள் சுகம், மகள் அபிதா சுகம். நான் சுகமில்லை, ஆனால் அதற்கு உடம்பு காரணமில்லை.

நேற்று தாங்கள் போனில், “அஞ்சுகிராமத்துக்காரங்க யோசிச்சுச் சொல்லுகோம்ங்காங்க. பொண்ணு வீட்டுல ஆசாரம் போராதுன்னு கேள்விப்பட்டாங்களாம். என்னவே செஞ்சு வச்சிருக்கேரு?” என்று கேட்டீர்கள். அப்போதே சொல்லியிருப்பேன். ஆனால் தாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிற ஆள். நான் இங்கே எலும்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் பூதப்பாண்டி தெரு முழுக்கக் கேட்கும். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். ஆமாம் அத்தான், எலும்பு வாங்கினேன். தின்பதற்கு இல்லை, கிட்டாருக்கு. கிட்டார் எதற்கு எலும்பு தின்கிறது என்று கேட்பீர்கள், பொறுமையாகப் படிக்கவும்.

அபிதா கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்ததும் எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று வாங்கினாள். தங்களுக்குப் பிடிக்காது என்று நாங்கள் சொல்லவில்லை. தாங்கள் வரும்போதெல்லாம் அது அரிசிப் பானைக்குப் பின்னால் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கும். ஒருமுறை அக்கா அதைப் பார்த்துவிட்டு, யாருக்குக் காய்ச்சல் என்றுகூடக் கேட்டாள். நாள் முழுக்கப் பாடம் நடத்திவிட்டு வந்து, முகம் கழுவி, அதை மடியில் எடுத்து வைத்தால் பிள்ளையின் முகத்தில் ஒரு தெளிச்சம் வரும் அத்தான். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும் என்று பொய் சொல்லமாட்டேன். அந்த முகம் பிடிக்கும்.

தாங்கள் கொண்டுவந்த சம்பந்தம் அவளுக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. பையன் ராஜகுமார் வந்து பார்த்துவிட்டுப் போன அன்றே அவள் சொன்னாள், “எனக்கு சம்மதம்ப்பா. ஆனா கிட்டாரும் என்கூட வரும். அத நீங்கதான் அவங்ககிட்ட சொல்லணும்.” எப்படிச் சொல்வேன்? பையனின் அப்பா சுயம்புலிங்கம் அண்ணாச்சி அஞ்சுகிராமத்தில் உயர்தர சைவ ஓட்டல் நடத்துகிறவர். பூண்டு வாசனைக்கே மூக்கைப் பொத்துகிற குடும்பம். பையனின் அம்மா டி.வி. பார்ப்பதே சத்தத்தைக் குறைத்து வைத்துத்தானாம். இவளுடைய கிட்டாரோ ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடும், உடனே முறுக்குவாள், திரும்ப இறங்கும், திரும்ப முறுக்குவாள், கேட்கிறவர்களுக்கு முறுக்குகிற சத்தம்தான் அதிகம். முதலில் சத்தத்தைச் சரிபண்ணுவோம், இனிமையாக இருந்தால் எந்த மாமியார் வேண்டாம் என்பாள், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் போட்ட கணக்கில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

மின்வாரியத்தில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு ஒரு எலக்ட்ரிக் சாமானைச் சரிபண்ண வராதா என்ற திமிரும் கொஞ்சம் இருந்தது. முதலில் கம்பியை முறுக்குகிற சாவிகளை மாற்றினேன். பழையது ஆடுகிறது என்று, கம்பியை இறுக்கிப் பூட்டிக்கொள்கிற புதுச் சாவிகள் வரவழைத்துப் போட்டேன். சுருதி இறங்கியது. பின்பக்கத்து மூடியைத் திறந்தால் உள்ளே ஸ்பிரிங்குகள் வரிசையாக இருக்கின்றன. அதையும் மாற்றப் போனேன், ஒன்று தெறித்துப் போய் பகவதியின் மாவுச் சட்டியில் விழுந்தது. அன்றைக்கு இட்லியைப் பயந்து பயந்து தின்றோம். அடுத்து ஆம்ப்ளிபையரில் ஓயாமல் ஒரு இரைச்சல். எர்த் சரியில்லை என்று எனக்குத் தெரியாதா? முருங்கை மரத்து மூட்டில் குழி வெட்டி, உப்பும் கரியும் நிரப்பி, செம்புக் கம்பி இறக்கி, ஒரு டிரான்ஸ்பார்மருக்கு உள்ள மரியாதையோடு எர்த் போட்டேன். இரைச்சல் நின்றது. பகவதிதான் நிற்கவில்லை. “சாம்பாருக்குப் போட ஒரு கல் உப்பு இல்ல. எல்லாத்தையும் குழிக்குள்ள கொண்டு தட்டியாச்சா? இனி முருங்கக்காயே உப்போடதான் காய்க்கும்” என்று அன்று முழுக்க ஒரே பேச்சு.

இத்தனைக்குப் பிறகும் சுருதி மட்டும் நிற்கவில்லை. அபிதாவுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்த டெனிஷ் என்ற பையன் கருங்கல் ஊரில் இருக்கிறான், மாதா கோயிலில் வாசிக்கிறவன். அவனிடம் தூக்கிக்கொண்டு போனேன். கிட்டாரின் தலையும் கழுத்தும் சேருகிற இடத்தில் கம்பிகள் ஏறிப்போக ஒரு சின்னப் பட்டை இருக்கிறது. நட் என்கிறார்கள். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “சாரே, சாவியில ஒண்ணும் இல்ல. இது வெறும் பிளாஸ்டிக்காக்கும். கம்பி இதுல கெடந்து பிடிக்குது, இழுத்தா திரும்பி வரமாட்டேங்கு. எலும்புல ஒண்ணு செஞ்சு போட்டா சுருதியும் நிக்கும், சத்தமும் தெளியும்” என்றான்.

“எலும்பு இல்லாம நடக்காதா டே? சிரட்டையில செஞ்சா?” என்று கேட்டேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே வீட்டுக்கு வந்து நல்ல முற்றின தேங்காய்ச் சிரட்டையாகப் பார்த்து அறுத்து, அரத்தால் ராவி, ஆறு பள்ளம் போட்டு, ஒட்டி, கம்பியை முறுக்கினேன். கடைசிக் கம்பி ஏறும்போது சிரட்டை வெடித்து, ஒரு துண்டு அலமாரிக் கண்ணாடியைப் பதம் பார்த்தது. டெனிஷுக்குப் போன் செய்தேன். “சாரே, இதுக்கு சைவம் கெடையாது” என்று சொல்லிவிட்டான்.

சரி, வாங்கியே தீருவது என்று துணிந்தேன். சுசீந்திரத்திலும் நாகர்கோவிலிலும் என் முகம் தெரியாத ஆள் கிடையாது, பாதிப் பேருடைய பியூஸை நான்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கருங்கல் என்றால் டெனிஷைத் தவிர யாரும் இல்லை. நெற்றித் திருநீற்றை அழித்துக்கொண்டு பஸ் ஏறினேன். சந்தைப் பக்கம் ஒரு இறைச்சிக் கடை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், ஒரு எலும்பு மட்டும் வேண்டும் என்றேன். எந்தப் பிராணியுடையது என்று கேட்டேன், கடைக்காரர் சொன்னார், சொன்னதை நான் அங்கேயே மறந்துவிட்டேன். அப்போது பக்கத்தில் யாரோ இருமினார்கள். திரும்பினால், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சுயம்புலிங்கம் அண்ணாச்சி!

எனக்கு உயிர் இல்லை அத்தான். கையில் ஒரு பை வைத்திருந்தார். என் பை அதில் பட்டுவிடக்கூடாது என்று சட்டென்று அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். என்ன சுத்தம், என்ன ஆசாரம்! நான் மண்ணில் புதைந்துபோனேன். “என்ன அண்ணாச்சி, இந்தப் பக்கம்?” என்று வாய் குழறிக் கேட்டேன். “ஒண்ணுமில்ல… சும்மா… வாறேன்” என்று சொல்லி, என் முகத்தைப் பார்க்கவும் அருவருத்து, விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர், “சாரே, கால் எலும்பா, நெஞ்செலும்பா?” என்று சந்தை முழுக்கக் கேட்கும்படி கூவினார்.

இப்போது தங்களிடம், பார்த்தேன் என்று சொல்லாமல் கேள்விப்பட்டோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். என் மானத்தைக் காப்பாற்ற நினைத்திருக்கிறார். அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் கண் கலங்குகிறது.

எலும்பின் கதையையும் முடித்துவிடுகிறேன். கொழுப்பு போக அதை வேகவைக்க வேண்டுமாம். பகவதி அடுப்பைத் தொடவிடவில்லை. கிணற்றடியில் பழைய வாளியில் தண்ணீர் ஊற்றி, ஹீட்டர் ராடைப் போட்டு அவித்தேன். காக்காய்கள் அத்தனையும் மதிலில் வந்து உட்கார்ந்தன. தெருநாய்கள் வாசலில் வரிசையாகப் படுத்துக்கொண்டன. எதிர்வீட்டம்மா, “என்ன விசேஷம்?” என்று எட்டிப் பார்த்தாள். காயவைத்து, ராவி, டெனிஷ் அளந்து பள்ளம் போட்டுக் கொடுத்தான். மாட்டினோம். என்ன சொல்ல, அத்தான், கம்பி இழுத்தால் போகிறது, விட்டால் வந்த இடத்தில் வந்து நிற்கிறது. கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகும் காதில் நிற்குமே, அப்படி ஒரு சத்தம். பகவதியே கரண்டியோடு வந்து நின்று கேட்டாள்.

ஆனால் நேற்று தங்கள் போன் வந்ததிலிருந்து அபிதா அதைத் தொடவில்லை. “பரவால்லப்பா, நீங்க எனக்காகத்தானே போனிய” என்று மட்டும் சொன்னாள். சுருதி இறங்காத கிட்டார் மூலையில் நிற்கிறது, வாசிக்க ஆளில்லை. எனக்கு மனசு கிடந்து அறுக்கிறது. எலும்பு எதற்கு என்று சொன்னால் கிட்டார் வெளியே வரும், சொல்லாவிட்டால் ஆசாரம் போகும். நாய்க்கு வாங்கினோம் என்று சொல்லலாம் என்கிறாள் பகவதி, அதற்கு முதலில் ஒரு நாய் வாங்க வேண்டும். ஆகவே தாங்கள் அஞ்சுகிராமம் போய், உள்ளதை உள்ளபடி அண்ணாச்சியிடம் சொல்லி, என் பொருட்டு மன்னிப்புக் கேட்டு, இந்தக் கல்யாணத்தை நின்றுவிடாமல் எப்படியாவது காப்பாற்ற வேண்டும். கிட்டாரை விட்டுவிட்டு வரச்சொல்லிப் பிள்ளையிடம் நானே கெஞ்சிப் பார்க்கிறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். தங்கள் வீட்டில் நெல்லும் நிம்மதியும் குறையாதிருக்கத் தாணுமாலயசாமி அருள்வார்.

என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
தாணுமாலயன்

பி.கு.: உறையில் போடுமுன் பிழை பார்க்க இதை அபிதாவிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “எல்லாஞ் செரிப்பா. அஞ்சுகிராமத்துல சைவ ஓட்டல் வச்சிருக்கவரு, அம்புட்டுத் தூரம் பஸ் ஏறி, கருங்கல்ல எறச்சிக் கடைக்குள்ள தலையில துண்டு போட்டுக்கிட்டு எதுக்குப்பா நின்னாரு? அந்தப் பையில என்ன இருந்துச்சு?” அத்தான், தெரிந்த முகம் இல்லாத ஊர் என்றுதான் நானும் கருங்கலுக்குப் போனேன்.

ஆகவே மேலே கண்ட மன்னிப்பை எல்லாம் அடுப்பில் போடவும். அஞ்சுகிராமம் மட்டும் அவசியம் போகவும். ஓட்டலில் ஒரு காப்பி சொல்லி, அவர் வீட்டு அம்மாவும் கல்லாப் பக்கம் இருக்கிற நேரமாகப் பார்த்து, நான் விசாரித்ததாக ஒரு வார்த்தை கேட்டால் போதும்: “அண்ணாச்சி, அன்னைக்குக் கருங்கல்ல வாங்கினது நல்லா வெந்துதா?” அவர் வாயைத் திறக்குமுன் தாங்களே சொல்லிவிடலாம், பெண் கிட்டாரோடுதான் வருவாள், கூடவே ஆம்ப்ளிபையரும் உண்டு என்று. எர்த் குழியை நானே வந்து வெட்டித் தருகிறேன். உப்பு அவர்கள் ஓட்டலிலேயே இருக்கும்.