மொட்டை மாடி ஒப்பந்தம்

கூண்டில் ஏற்றாமல் விடுவதில்லை என்று பஸ் கண்டக்டர் சபதம் போட்டார். மேல்வீட்டு டிரில் மாஸ்டரைத்தான்.

கடைசி டிரிப் முடித்து, கால் கடுக்க வந்து படுக்கிற மனிதருக்கு விடியற்காலைத் தூக்கம் ஒன்றுதான் சொத்து. அந்த நேரம் பார்த்து டிரில் மாஸ்டர் தலைக்கு மேலே குதிப்பார். இரும்புக் குண்டைத் தூக்குவார். தூக்கினால் பரவாயில்லை, டொம்மென்று போடவும் செய்வார். சுண்ணாம்பு கண்டக்டரின் மூக்கில் உதிரும். வயிறு எரியாதா?

"கோர்ட்டுக்குப் போறேன்! சந்தி சிரிக்க வைக்கிறேன்!"

"போங்க. கேஸ் முடியறதுக்குள்ள அந்தக் குண்டு துருப்பிடிச்சு உதிர்ந்துடும்," என்றாள் மனைவி. "சமரச வக்கீல் ஒருத்தங்க இருக்காங்க. கோர்ட் வாசலை மிதிக்காமலே முடிச்சுக் குடுப்பாங்களாம்."

"சமரசமா? அந்த ஆள்கூடவா? மூஞ்சியைப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது!"

"பாக்க வேண்டாம். ஆளுக்கொரு ரூம்ல உக்கார வெச்சுடுவாங்க."

அப்படித்தான் உட்கார வைத்தார்கள். வக்கீலம்மா இரண்டு அறைக்கும் நடையாய் நடந்தார். கண்டக்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மேஜையைக் குத்திக் குத்திக் கை வீங்கியதுதான் மிச்சம்.

"இனிமே எக்சர்சைஸை மொட்டை மாடியில போய் செஞ்சுக்கறேன்னு ஒத்துக்கிட்டார் சார்," என்றார் வக்கீலம்மா.

கண்டக்டருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டால் மிச்சக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

"இன்னிக்கு சரிம்பான்! நாளைக்கே வீட்டுக்குள்ள குதிப்பான்!"

"அதானே!" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஒத்து ஊதினாள். "தினமும் மாடிக்குப் போறாரான்னு யாரு பாக்கறது?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவர் பக்கம் பேசியதே இல்லை. கண்டக்டருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"நான் பாக்கறேன்!"

"நீங்களா? உங்களால முடியாதுங்க. பாவம்."

"யாரைப் பாத்து முடியாதுங்கற? எழுதுங்கம்மா! தினம் நானே நேர்ல நின்னு பாப்பேன்!"

வக்கீலம்மா அந்த அறைக்குப் போய்த் திரும்பினார்.

"சம்மதமாம். ஆனா நீங்க வராத அன்னிக்கு வீட்டுக்குள்ளயே செஞ்சுப்பாராம்."

"வராம இருந்தாத்தானே! கொண்டாங்க பேனாவை!"

கையெழுத்தைப் போட்டுவிட்டு, போரில் ஜெயித்தவர் மாதிரி வீட்டுக்கு வந்து படுத்தார்.

விடியற்காலையில் மனைவி தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எந்திரிங்க. மாஸ்டர் மாடி ஏறிட்டார்."

"இன்னிக்கு ஒரு நாள் விடுடி..."

"விட்டா இறங்கி வந்து நம்ம தலைக்கு மேல குதிப்பார்."

கண்டக்டருக்குத் தூக்கம் போய் ஆத்திரம் வந்தது. போர்வையை உதறி எறிந்தார். "முன்னே குண்டு விழுந்தாலும் படுக்கையிலயாவது கிடந்தேன்! இப்போ அதுவும் போச்சே! இந்தச் சமரசத்துல யாருக்குடி லாபம்?"

மனைவி அந்தப் போர்வையை எடுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அவர் குண்டு போடற சத்தத்துல நான் ஒரு நாளும் முழிச்சதில்ல. அதுக்கப்புறம் நீங்க போடற சத்தத்துலதான் முழிப்பேன். போறப்போ கதவை மெதுவா சாத்திட்டுப் போங்க."