இன்னும் ஒரு வாளி

நன்றாக நடந்துகொண்டிருக்கும் ஒன்றை ஒரு மனிதனால் எவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க முடியும்? இந்தக் கேள்விக்கு நான் தத்துவப் புத்தகங்களில் விடை தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை. எங்கள் ஊர் பாக் தார்ஜோனோவின் (பாக் என்றால் எங்கள் பக்கம் ஐயா) வாழ்க்கையை வைத்துச் சொல்வதானால், கால் மணி நேரம்.

இவரை உங்களுக்குத் தெரியும். உங்கள் தெருவில் வேறு பெயரில் இருப்பார். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் மேம்படுத்தி. ஓட்டை உடைசலைச் சரிசெய்கிறவரோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் பயனுள்ள பிராணி. மேம்படுத்திக்கு உடைந்த நாற்காலியில் அக்கறையே கிடையாது. நான்கு காலும் ஒழுங்காக ஊன்றி, உட்கார்ந்தவரையும் சுமந்துகொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் நிற்கிற நாற்காலியைக் கண்டால்தான் தலையை ஒரு பக்கம் சாய்ப்பார், ஒரு கண்ணை மூடுவார், "இதையே இன்னும் கொஞ்சம்..." என்று ஆரம்பிப்பார். பறவையை அதன் குரலால் கண்டுகொள்வதுபோல இவரை அந்த 'இன்னும் கொஞ்சம்' என்ற கூவலால் கண்டுகொள்ளலாம். உடனே எழுந்துவிடுங்கள். நாற்காலி போகப்போகிறது.

பாக் தார்ஜோனோவின் இடுப்பில் அளவு நாடா இருக்கும், காதில் பென்சில் இருக்கும். கல்யாண வீட்டில் அடுப்பை ஒரு சாண் நகர்த்தச் சொல்வார். சாவு வீட்டில், மூன்று நாளாக அசையாமல் நின்ற தார்ப்பாய்ப் பந்தலின் கயிற்றை அவிழ்த்து இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுவார். பந்தலுக்குக் கீழே இருந்தவர்கள் அன்றைக்கு இரண்டாவது முறையாக அலறினார்கள்.

இப்படிப்பட்டவர் மழைக்காடு மாதிரி ஓர் இடத்தில் பிறந்திருந்தால் உலகத்துக்கு நஷ்டமில்லை. எங்கள் குனுங்கிடுல் மலைப்பக்கம் பிறந்தார். ஜாவாவின் மற்ற பாகங்களில் தண்ணீர் என்பது தெருவில் கிடக்கிற பொருள். இங்கே மழை ஐந்து மாதம் கொட்டத்தான் செய்கிறது, ஆனால் காலடியில் சுண்ணாம்புப் பாறை, பாறை முழுக்கச் சல்லடைக் கண். விழுந்த தண்ணீர் விழுந்த கையோடு கீழே இறங்கி, நூறு மீட்டர் ஆழத்தில், இருட்டில், யாருக்கும் உதவாமல் ஆறாக ஓடுகிறது. காலுக்கடியில் ஆறு, குடத்துக்குள் காற்று. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் கூரைத் தண்ணீரைப் பிடித்துவைக்க ஒரு சிமென்ட் தொட்டி. மழைக்காலம் முடிந்தால் அந்தத் தொட்டிதான் வீட்டின் மூத்த உறுப்பினர்.

பாக் தார்ஜோனோ முதலில் மேம்படுத்தியது தன் வீட்டுத் தொட்டியை. கூரையிலிருந்து வருகிற குழாயில் ஒரு வடிகட்டி வைத்தார். பனை நார், கரி, மணல், சரளை, மறுபடி நார், மறுபடி கரி. அழுக்கு ஒரு பொட்டுகூட இறங்கவில்லை. தண்ணீரும்தான்.

"பாக்னே, வெளிய மழை கொட்டுது. தொட்டியில தண்ணி எங்க?" என்று கேட்டாள் அவர் மனைவி ரூபியெம்.

"சுத்தமாயிட்டிருக்கு."

"எத்தன நாளா?"

"அவசரப்படாத. தரம்னா நேரமாகும்."

அந்த மழைக்காலம் முழுக்க அவர்கள் கூரை எதிர்வீட்டுக் கோழிகளைக் குளிப்பாட்டியது.

இவ்வளவும் அவர் சொந்தத் தொட்டியோடு நின்றிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஊருக்குப் பொதுவாகக் குளம் ஒன்று இருக்கிறது. சல்லடைக்கு நடுவே அடைபட்ட ஒரே கண் அது. பள்ளத்தின் அடியில் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலாகக் களிமண் படிந்து, அதன் புண்ணியத்தில் தண்ணீர் நிற்கிறது. செப்டம்பர் கடைசி வரை நிற்கும். மாடுகள் அதில்தான் குடிக்கும், குளிக்கும், சிந்திக்கும். கடைசியில் முழங்கால் சேறு மிஞ்சும்போது ஊரின் பதினோரு மாடுகளையும் அதற்குள் இறக்கி, செக்கு சுற்றுவதுபோல நாள் முழுக்கச் சுற்றவிடுவோம். முன்னால் கயிறு பிடித்து நடப்பவன் சாக்கியோ. எதற்காக என்று கேட்டால், "மிதிக்கணும், மிதிக்கிறோம்" என்பான். அதற்குமேல் எந்த ஏட்டிலும் எழுதிவைக்கவில்லை. எழுதாத ஒன்றை மேம்படுத்தி மதிப்பாரா?

அந்த வருடம் ஜூன் மாதம் ஊர்க்கூட்டம். பாய் விரித்திருந்தது, சர்க்கரை தூக்கலாகத் தேநீர், தட்டில் பொரித்த மரவள்ளிக் கிழங்கு. பாக் தார்ஜோனோ ஒரு பெரிய தாளை விரித்தார். குளத்தின் குறுக்குவெட்டுப் படம். இப்போதைய குளத்தில் நீலம் கொஞ்சமாகவும் பழுப்பு நிறையவும் இருந்தது. வரப்போகும் குளத்தில் நீலம் நிறைய, பழுப்பு ஒரு கோடுதான். யாருக்குத்தான் பிடிக்காது?

"ரெண்டு மீட்டர் ஆழப்படுத்தினா போதும். செப்டம்பர்ல வத்துற குளம் நவம்பர் வரைக்கும் நிக்கும். அதுக்குள்ள அடுத்த மழையே வந்துரும்."

பின்வரிசையிலிருந்து சாக்கியோ கேட்டான்: "பாக் தார், அடியில என்ன இருக்குன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன். சேறு."

"அது சேறு இல்ல. அதுதான் குளம்."

சிரிப்பு. "மாட்டோட பேசிப் பேசி சாக்கியோ ஞானி ஆயிட்டான்யா!" என்றார் ஊர்த்தலைவர்.

"எனக்கு ஞானமெல்லாம் வேணாம் தலைவரே. என் மானிஸ் சினையா இருக்கு, செப்டம்பர்ல கன்னு போடும். அதுவரைக்கும் அதுக்குத் தண்ணி வேணும். அவ்வளவுதான்."

மானிஸ் என்பது அவனுடைய ஒரே பசு. எங்கள் பக்கம் மாடுதான் ஒரு வீட்டின் சேமிப்பு, கௌரவம், பிள்ளையின் படிப்பு எல்லாம்.

"மாட்டுக்குத் தனியாத் தொட்டி கட்டிருவோம்," என்றார் பாக் தார்ஜோனோ கருணையோடு. "குளத்தச் சுத்தி வேலி. மாடு எறங்கி எறங்கித்தானே கலங்குது?"

"எறங்கி மிதிக்கிறதாலதான் நிக்குது."

"ஆதாரம் இருக்கா?"

சாக்கியோவிடம் தாள் இல்லை. நீலப் பென்சிலும் இல்லை. சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். தூக்கினோம். ஆமாம், நானும். மறு கையில் மரவள்ளிக் கிழங்கு இருந்தது.

பொக்லைன் வந்தது. கரையில் நின்றபடி கையை நீட்டி, தண்ணீருக்கடியிலிருந்து அள்ளி அள்ளிப் போட்டது. வெண்ணெய் மாதிரி மஞ்சள் களிமண். அதை எங்கே கொட்டுவது? வாலிபால் மைதானத்தில் பரப்பினோம். நாற்பது வருடமாகக் கல்லில் விழுந்து முட்டி பேர்ந்த எங்கள் அணி முதல் முறையாகச் சமதரையைக் கண்டது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. இரண்டாம் நாள் உச்சி வெயிலுக்குள் இரண்டு மீட்டர் முடிந்துவிட்டது. ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தி, சிகரெட்டும் பற்றவைத்துவிட்டான்.

எங்கள் வரலாறு அந்த இடத்தில் நின்றிருக்கலாம்.

பாக் தார்ஜோனோ தலையைச் சாய்த்தார். ஒரு கண்ணை மூடினார்.

"அந்த மூல கொஞ்சம் கோணலா இருக்கு. இன்னும் ஒரு வாளி."

வந்தது.

"இப்ப இந்தப் பக்கம் மேடாத் தெரியுது. இன்னும் ஒரு வாளி."

அந்த வாளியில் மண் வரவில்லை. பளபளவென்று வெள்ளைக் கல் வந்தது. நாங்கள் கை தட்டினோம். நான் பொய் சொல்லவில்லை, கை தட்டினோம்.

"பாத்தீங்களா, அடி எவ்வளவு சுத்தமா இருக்கு!"

அப்போது ஒரு சத்தம் கேட்டது. சம்பந்தி வீட்டில் தேநீரின் கடைசி மிடற்றைக் கூச்சமில்லாமல் உறிஞ்சுகிற மாமனாரின் சத்தம். குளத்தின் நடுவில் தண்ணீர் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. ஓர் இலை சுற்றியது. ஒரு செருப்பு சுற்றியது. வட்டம் பெரிதானது, வேகமானது, நடுவில் ஒரு குழி விழுந்தது, குழிக்குள் இலை போனது, செருப்பு போனது. அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. ஒருவர் மணல் மூட்டையோடு ஓடிவந்தார், ஒருவர் வாழைத்தண்டோடு, ஒருத்தி தன் மாமியாரின் மெத்தையோடு (அதில் மாமியார் படுத்திருந்தார் என்பது வதந்தி, அவர் எழுந்து பின்னாலேயே ஓடிவந்தார்). தலைவர் தன் அரசாங்கச் சட்டையைக் கழற்றிச் சுருட்டி எறிந்தார். துளை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. எதையும் திருப்பித் தரவில்லை. இத்தனைக்கும் நடுவில் பாக் தார்ஜோனோ கரையில் மண்டியிட்டு அளவு நாடாவை விட்டு, "ஒண்ணு அறுபது! ஒண்ணு நாப்பது! ஒண்ணு பத்து!" என்று கூவிக்கொண்டிருந்தார். குரலில் திகில் இருந்தது. கூடவே, அவரை மீறி, கொஞ்சம் பெருமையும் இருந்தது. இத்தனை துல்லியமாக ஒரு குளம் காலியானதை அதற்கு முன் யார் அளந்திருக்கிறார்கள்?

ரூபியெம் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பாக்னே, தண்ணி எங்க போகுது?"

"கீழ."

"சுத்தமாகவா?"

மாலைத் தொழுகைக்கு அழைப்பு வந்தபோது குளத்தில் மிச்சம் இருந்தவை கெளுத்தி மீன்கள் மட்டும். எங்களைப் போலவே வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

பிறகு காசுக்கு லாரித் தண்ணீர். லாரித் தண்ணீரை மனிதர்கள் குடிக்கலாம், மாட்டுக்கு ஊற்ற மனசு வராது. பதினொன்றில் ஆறு மாடுகளை வியாபாரி ஓட்டிக்கொண்டு போனான், அவன் கேட்ட விலைக்கு. சாக்கியோ மட்டும் விற்க மாட்டேன் என்றான். மூன்று மாதம் ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு, தன் பங்கு வாளியை மானிஸின் முன்னால் வைத்தான். அவன் பக்கத்தில் போனால் கண்ணைக் கரிக்கும். செப்டம்பரில் மானிஸ் கன்று போட்டது, பெண் கன்று. அதற்கு அவன் வைத்த பெயர் 'வாளி'. தினமும் காலையில் பாக் தார்ஜோனோ வீட்டைக் கடக்கும்போது மட்டும் அவனுக்குக் குரல் ஓங்கும்: "வாளி! ஏ வாளி! எங்க போற? ஒண்ணு போதும்டி, இன்னும் ஒண்ணு வேணாம்!"

பாக் தார்ஜோனோ வெட்கப்பட்டாரா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. தோல்வி என்பது மேம்படுத்திக்கு மேம்படுத்தக் கிடைத்த இன்னொரு பொருள். ஒரு மாதம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்: வரைகிறார். நீலப் பென்சிலா? நீலப் பென்சில்தான். ஊருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது.

அக்டோபரில், முதல் மழைக்கு முன்னால், எடுத்த களிமண்ணை எடுத்த இடத்திலேயே போடுவது என்று முடிவானது. வாலிபால் மைதானத்தைக் கூடைகூடையாகச் சுமந்தோம். "அரையிறுதி வருது, அதுக்கப்புறம் எடுக்கலாமே?" என்று அணித்தலைவன் வலைக்கடியில் மறியல் செய்தான். அவனையும் நகர்த்தினோம். துளையில் கல்லை அடுக்கி, மேலே களிமண்ணைப் பரப்பி, மேகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். ஒரு தூறல் நனைத்தது. மிதிக்க வேண்டும். மிதிக்க மாடு? ஐந்துதான், பிறகு வாளி.

அதனால் நாங்கள் இறங்கினோம்.

அப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஊரே சேற்றில். கல்யாண ஒலிபெருக்கியைக் கரையில் வைத்து, மத்தளப் பாட்டு போட்டு, அதன் அடிக்குக் கால் எடுத்துவைத்தோம். முன்னால் சாக்கியோவும் மாடுகளும், பின்னால் ரூபியெம் பெண்களை இழுத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் மைதானத்தை இழந்த அணி பழிவாங்குவதுபோல எகிறிக் குதித்துக்கொண்டு. தலைவர் விழுந்தார், எழுந்தார், விழுந்தார், மூன்றாவது முறை எழ மறுத்து, "நான் உருண்டே மிதிக்கிறேன்" என்றார். எங்கள் ஊரை நான் அவ்வளவு எளிதில் புகழ்வதில்லை. அன்றைக்குக் கொஞ்சம் புகழலாம்.

அப்போது பாக் தார்ஜோனோ கரைக்கு வந்தார். கக்கத்தில் சுருட்டிய தாள்.

பாட்டை யாரோ நிறுத்தினார்கள். கால்கள் நின்றன.

"கையில என்ன பாக் தார்?" என்றான் சாக்கியோ, கன்றின் கழுத்தைப் பிடித்தபடி.

அவர் குளத்தைப் பார்த்தார். தலையைச் சாய்த்தார். ஒரு கண்ணை மூடினார். வடக்கு மூலையில் மிதி சரியில்லைதான், எனக்கே தெரிந்தது. அவர் உதடு பிரிந்தது. எனக்கு அவரைப் பற்றிப் பயமில்லை, எங்களைப் பற்றித்தான் பயம். அந்தத் தாளை மட்டும் விரித்து நீலத்தைக் காட்டியிருந்தால், சேறு சொட்டச் சொட்டப் பாதிக் கைகள் தூக்கியிருக்கும். என் கை ஏற்கெனவே லேசாக அரித்தது.

இந்த வருடம் ஆகஸ்ட் இருபது வரை தண்ணீர் நின்றது. முன்பைவிட நாற்பது நாள் குறைவு. வாளி அதில்தான் குடித்து வளர்ந்தது.

சரி, உங்களை ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வந்தபோது எங்கோ ஓரிடத்தில், 'இதென்ன கூத்து, அடியில் சிமென்ட் போட்டிருந்தால் முடிந்ததே' என்று உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? தோன்றியபோது தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்ததா? ஒரு கண்? கண்ணாடி பக்கத்தில் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளை நான் அன்று சாயங்காலம் திருட்டுத்தனமாகப் பிரித்துப் பார்த்தேன். உங்கள் யோசனையேதான். சிமென்ட், கம்பி, அளவு எல்லாம் போட்டு, அழகாக. நடந்திருந்தால் நன்றாகக்கூட இருந்திருக்கலாம், யார் கண்டது?

ஆனால் அவர் அதை விரிக்கவில்லை. சுருளைக் கரையில் வைத்தார். பறக்காமலிருக்க அதன்மேல் செருப்பை வைத்தார். இடுப்பிலிருந்து அளவு நாடாவைக் கழற்றி அதையும் வைத்தார். கால்சட்டையை முட்டிக்குமேல் சுருட்டிக்கொண்டு இறங்கிவந்து, வரிசையில் கடைசியாக, வாளிக்குப் பின்னால் நின்றுகொண்டார். இருட்டும்வரை மிதித்தார். ஏன் என்று ரூபியெம்கூடக் கேட்டுப் பார்த்துவிட்டாள்.