சுவருக்குப் போட்ட ஊறல்

பாபநாசம்,
வியாழக்கிழமை

கும்பகோணம் சபேசன் அவர்களுக்கு, சாம்பசிவம் வணக்கத்துடன் எழுதுவது. சம்பந்தி என்று எழுத ஆசைதான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் காபியைக்கூடத் தொடாமல் காரில் ஏறிய வேகத்தைப் பார்த்த பிறகு துணிச்சல் வரவில்லை. இங்கு நானும் என் சம்சாரம் ஆனந்தமும் சௌக்கியம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் ஸ்ரீவித்யா மூன்று வருஷம் வங்காளத்துப் பழைய ஊர் ஒன்றில், இடிந்த மாளிகைகளைப் பழைய முறைப்படியே செப்பனிடும் வேலையில் இருந்தவள். பெண் பார்க்க நீங்கள் வருகிறீர்களே, வீட்டுச் சுவருக்கு நாலு மூட்டை சிமெண்ட் பூசலாம் என்றேன். "நூத்திருபது வருஷச் சுண்ணாம்புச் சுவர்ப்பா, சிமெண்ட் பட்டா உப்புப் பூத்து உதிர்ந்துடும்" என்று சொல்லி, கொத்தனார் வீரையனைக் கூட்டி வந்து கடுக்காயையும் வெல்லத்தையும் இரண்டு பீப்பாயில் ஊறப்போட்டாள். அந்தத் தண்ணீரில்தான் சுண்ணாம்பு குழைக்க வேண்டுமாம். பதினைந்து நாளில் அது பொங்கி நுரைத்துத் தெரு முழுக்க வாடை. நீங்கள் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால், யாரோ போன் செய்து, போலீஸ் ஜீப் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் பீப்பாயை முகர்ந்து பார்த்து, "ஊறல் யாருக்குய்யா?" என்றார். வீரையன், "சுவத்துக்குங்க" என்றார். "இருபது வருஷ சர்வீஸ்ல, சுவத்துக்கு ஊத்துறேன்னு சொன்ன முதல் ஆள் நீதான்யா" என்று அவர் லத்தியைத் தட்ட, எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "சாராயமாங்க இது? பாருங்க!" என்று ஒரு சொம்பு மொண்டு மடமடவென்று குடித்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கார்.

கடுக்காய் வயிற்றை என்ன செய்யும் என்று தங்களுக்குத் தெரியாததல்ல. நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது நான் ஏழு தடவை எழுந்து கொல்லைப்பக்கம் ஓடியது அவமரியாதை இல்லை ஐயா, அவசரம். போலீஸ்காரர்களும் கடைசியில் சிரித்துவிட்டுத்தான் போனார்கள். முப்பத்தொரு வயதுப் பெண். இந்த இடமும் தட்டிப்போகுமோ என்று எனக்கும் ஆனந்தத்துக்கும் சோறு இறங்கவில்லை. பெரிய மனசு பண்ணி இன்னொரு தடவை வாருங்கள். பீப்பாயை அதற்குள் காலி செய்துவிடுகிறேன்.

மாமிக்கு எங்கள் நமஸ்காரம். உங்கள் பிள்ளை சிரஞ்சீவி மௌலி தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சாம்பசிவம்

பி.கு.: கவரை ஒட்டும் முன் ஸ்ரீவித்யா படித்துவிட்டாள். போலீசுக்குப் போன் செய்தது அவளேதானாம்! சுவர் வேலை முடியாமல் அவளுக்குக் கல்யாணம் வேண்டாமாம். முன்னாலேயே அவளோடு போனில் பேசி இந்த யோசனை கொடுத்தது உங்கள் மௌலியாம். அவருக்கு ஆபீசில் மாலதி என்று ஒரு பெண்ணோடு அடுத்த மாதம் ரிஜிஸ்டர் கல்யாணமாம். "இதை மட்டும் அவங்கப்பாகிட்ட சொல்லிடாதீங்கப்பா" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆகவே இது பற்றித் தங்களிடம் நான் எதுவும் சொல்வதற்கில்லை.